கணக்கில் வராத பாடங்கள்

செமஸ்டரின் முதல் வாரத்திலேயே கேள்வி வந்துவிடும். விரிவுரையாளர் பாடத்திட்டத்தைத் திரையில் காட்டி முடிப்பதற்குள் பின்வரிசையில் ஒரு கை உயரும்: "சேர், இது ஜி.பி.ஏ.க்கு எடுபடுமா?" எடுபடும் என்றால் கொப்பி திறக்கும். எடுபடாது என்றால் 80 வீத வரவை எப்படிச் சமாளிக்கலாம் என்ற யோசனை தொடங்கும். வராத நண்பனுக்குக் கையெழுத்து வைக்க ஆள் பிடிப்பார்கள். பேராதனை வளாகத்தில் ஒன்பது பீடங்கள் இருக்கின்றன. பொறியியல் மாணவனுக்குச் சமூகவியல், மருத்துவ மாணவிக்கு இரண்டாம் மொழி, தமிழ் சிறப்புக் கற்கைக்காரருக்குப் புள்ளிவிபரவியல், விவசாய பீடத்தாருக்குக் கட்டுரை எழுதும் பயிற்சி என்று பிரதான பாடத்துக்கு வெளியே எது வந்தாலும் அதற்கு மாணவர் வைத்திருக்கும் பெயர் ஒன்றுதான்: 'சைட் சப்ஜெக்ட்'.

நம் பெரியவர்கள் இதைக் குணக் கோளாறாகப் பேசி முடித்துவிடுகிறார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அறிவுத் தாகம் இல்லையாம், கைத்தொலைபேசி கெடுத்துவிட்டதாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கிறவன் சோம்பேறி அல்லன். தன் நேரத்துக்கு விலை தெரிந்தவன், நுணுக்கமாகக் கணக்குப் பார்க்கிறவன். பதினாறு வயதிலிருந்து அந்தக் கணக்கை அவனுக்குப் பழக்கியவர்கள் நாம்.

க.பொ.த. சாதாரண தரத்தில் ஒன்பது பாடங்கள். வரலாறு, தாய்மொழி, கணிதம், விஞ்ஞானம், சமயம் எல்லாம் அதற்குள் உண்டு. பெறுபேறு வந்த கையோடு துறை பிரிந்துவிடும். இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் என்று போனவனுக்கு வரலாறு அன்றோடு முடிந்த கதை. கலைத்துறைக்குப் போனவளுக்குக் கணிதம் முடிந்த கதை. அடுத்த இரண்டரை வருடம் மூன்றே மூன்று பாடங்கள். பாடசாலையை விடக் கண்டி நகரத்து ரியூஷன் கொட்டகைகளே அந்தக் காலத்தில் அவர்களுக்கு நெருக்கமானவை. 2001 முதல் பல்கலைக்கழக அனுமதி இசட் புள்ளியின் கையில். 40 வீதம் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று இடங்கள் பகிரப்படுகின்றன. தசமத்துக்குப் பின்னால் நான்காவது இலக்கம் ஒருவனை மருத்துவ பீடத்துக்குள் விடும், இன்னொருவனை வாசலில் நிறுத்தும்.

அந்தப் பரீட்சைக்குள்ளேயே ஒரு வெளிப்பாடம் இருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பொதுச் சாதாரண பரீட்சை என்று அதற்குப் பெயர். பொது அறிவு, தர்க்கம், நாட்டு நடப்பு எல்லாம் கேட்பார்கள். பல்கலைக்கழகம் போக அதில் 30 புள்ளி போதும். 31 எடுத்தவனுக்கும் 91 எடுத்தவனுக்கும் இசட் புள்ளியில் மயிரிழை வித்தியாசமும் இல்லை. பொது ஆங்கிலத்துக்கு அந்த 30 என்ற எல்லையும் கிடையாது. பிரதானமல்லாத பாடத்துக்கு எவ்வளவு மரியாதை தர வேண்டும் என்று அரசாங்கமே எண்ணில் எழுதிக் காட்டிவிட்ட பிறகு, பேராதனைக்கு வந்ததும் பரந்த அறிவின் பெருமையைப் பற்றி ஒரு மணித்தியாலம் உரை நிகழ்த்தினால் பிள்ளை கொட்டாவி விடாமல் என்ன செய்யும்?

இவர்களுக்குக் கற்பதில் ஆசை இல்லை என்பதும் பொய். பரீட்சைக்கு முந்திய வாரங்களில் விடுதிகளுக்குள் போய்ப் பார்த்தால் தெரியும். சாப்பாட்டு அறையில், படிக்கட்டில், வெற்று வகுப்பறையில் 'குப்பி' நடந்துகொண்டிருக்கும். விளங்கிய ஒருவன் விளங்காத இருபது பேருக்கு வெள்ளைப் பலகையில் எழுதி எழுதிச் சொல்லிக்கொடுப்பான், நள்ளிரவு தாண்டியும். குப்பி விளக்கு வெளிச்சத்தில் படித்த காலத்துப் பெயர் என்பார்கள். ஐந்து சதம் வாங்காமல் நடக்கும் இந்தக் கல்வியைப் போல் ஒன்றை எந்த நிர்வாகமும் உத்தரவு போட்டு உண்டாக்க முடியாது. ஆனால் சைட் சப்ஜெக்டுக்குக் குப்பி நடப்பது அபூர்வம். நடந்தாலும் கடந்த வருட வினாத்தாள்களைப் புரட்டுவதோடு முடிந்துவிடும்.

இந்த வளாகத்தின் கதை இப்படித் தொடங்கவில்லை. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவானபோது அதன் முதல் உபவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ், சட்ட அறிஞர். கண்டிக்கு அருகே மகாவலிக் கரையில் மாணவர் தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகம் வேண்டும் என்பது திட்டம். 1952இல் இடப்பெயர்வு நடந்தது. ஒரே விடுதியில், ஒரே சாப்பாட்டு மேசையில் வெவ்வேறு துறைக்காரர் சேர்ந்திருந்தால் பாதிக் கல்வி அங்கேயே நடந்துவிடும் என்ற ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் நம்பிக்கை அதற்குள் இருந்தது. சிறுபான்மைக்கான, ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்கான கனவு அது என்று குறை சொல்லலாம், சொன்னவர்களும் உண்டு. பிறகு பல்கலைக்கழகம் பெருத்தது. 1962இல் மருத்துவ பீடம் வந்தது. அறுபதுகளின் நடுவில் பொறியியல் பீடம் கொழும்பிலிருந்து வந்து ஆற்றின் மறுகரையில் அமர்ந்தது. இன்று அக்பர் விடுதி என்றால் பொறியியல் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். அக்பர் பாலத்தைக் கடந்தால் கலைப் பீடத்துக்குப் போய்விடலாம். ஒரு நாளும் அப்படிப் போகாமலே நான்கு வருடத்தை முடித்தவர்களும் இருக்கிறார்கள்.

நடுவே ஓடுவது ஆறு மட்டும் என்றால் பரவாயில்லை. அறுபதுகளில் கலைப் பீடக் கல்வி தமிழுக்கும் சிங்களத்துக்கும் மாறியது. விஞ்ஞானம், மருத்துவம், பொறியியல் ஆங்கிலத்திலேயே நின்றன. 1959இல் இங்கிலாந்தில் சி. பி. ஸ்னோ விஞ்ஞானிகளும் இலக்கியக்காரரும் ஒருவரையொருவர் அறியாத இரண்டு பண்பாடுகளாகப் பிரிந்துவிட்டார்கள் என்று முறையிட்டபோது, அந்த இரு தரப்பும் ஆங்கிலமாவது ஒன்றாகப் பேசின. இங்கே வரலாற்றை நன்றாகக் கற்பிக்கும் ஒருவர் தமிழில் கற்பிக்கிறார். பொறியியல் மாணவன் யாழ்ப்பாணத்தானாக இருந்தாலும் ஆங்கிலத்தில் பரீட்சை எழுதுகிறான். பக்கத்துக் கதிரைச் சிங்கள மாணவனுக்குத் தமிழ் விரிவுரை விளங்காது. மேல்நாட்டுத் திட்டங்களை அப்படியே இறக்குமதி செய்கிறவர்கள் கவனிக்காத முடிச்சு இது.

ஆனாலும் இதே வளாகத்தில் ஒரு காலத்தில் பாடத்திட்டத்துக்கு வெளியே பெரிய காரியங்கள் நடந்தன. எதிரிவீர சரச்சந்திர பாளி, சிங்களம், மெய்யியல் படித்தவர். ஜப்பான் போய் அங்கத்தைய நாடக மரபுகளைப் பார்த்துத் திரும்பி 1956இல் 'மனமே'யை மேடையேற்றினார். 1961இல் 'சிங்கபாகு' பேராதனைத் திறந்தவெளி அரங்கில் அரங்கேறியது. மாணவர் இன்றும் 'வள' என்று அழைக்கும் பள்ளம் அதுதான். அதைப் பார்த்த தமிழ்த்துறையில் ஒரு கேள்வி எழுந்தது: நமக்கும் கூத்து இருக்கிறதே? பத்துப்பாட்டை ஆராய்ந்து இலண்டனில் கலாநிதிப் பட்டம் பெற்ற சு. வித்தியானந்தன், மட்டக்களப்பு அண்ணாவியார் துணையோடு மாணவரைப் பழக்கி 1962இல் 'கர்ணன் போர்', பின்னர் 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்' என்று மேடையேற்றினார். விடிய விடிய வட்டக் களரியில் ஆடிய கூத்தை ஒன்றரை, இரண்டு மணித்தியாலத்துக்குச் சுருக்கி, ஒரு பக்கம் மட்டும் பார்வையாளர் இருக்கும் மேடைக்குக் கொண்டுவருவது சின்ன வேலை அல்ல. தாளக்கட்டு குழம்பாமல் எந்தத் தருவை விடுவது, எதை வைப்பது, வட்டமாக ஆடியவனை எந்தப் பக்கம் திருப்புவது என்று ஒவ்வொன்றையும் யோசிக்க வேண்டும்.

அந்த ஆட்டக்காரருக்குப் புள்ளி ஒன்றும் கிடைக்கவில்லை. மாலை மாலையாகக் காலில் சதங்கை கட்டி ஆடியதற்கு எந்தப் பெறுபேற்றுப் பத்திரத்திலும் ஒரு வரி இல்லை. ஊரில் படியாதவர் கலை என்று ஒதுக்கப்பட்டதைப் பல்கலைக்கழக மேடையில், கொழும்புப் பிரமுகர் முன்னால் ஆடுகிறோம் என்ற எண்ணம் போதுமாக இருந்தது. இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களைப் பற்றியே ஆய்வு செய்து பேராசிரியரானார். அதே தமிழ்த்துறையிலிருந்து க. கைலாசபதி பர்மிங்காம் போய், கிரேக்கப் பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சனிடம் கற்று, சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரயுகக் கவிதையோடு ஒப்பிட்டார். 1968இல் அது நூலாக வந்தது. கிரேக்கம் தமிழ்க்காரனுக்கு எதற்கு என்று யாராவது கேட்டிருப்பார்கள்.

இன்னும் பின்னே போனால் கண்டி மலைகளுக்கே உரிய ஒருவர் கிடைப்பார். ஆனந்த குமாரசுவாமி கலை வரலாற்றுக்காரர் என்றுதான் நமக்குப் பழக்கம். அவர் இலங்கைக்கு வந்தது புவிச்சரிதவியலாளராக. கனிய ஆய்வுத் திணைக்களத்தின் பணிப்பாளராகப் பாறைகளைத் தேடி மலைநாட்டுக் கிராமங்களை அளந்தார். தோரியனைற்று என்ற கனியத்தை அடையாளம் கண்டார். கல்லைத் தேடிப் போன இடத்தில் பித்தளை வார்ப்பவர், பாய் பின்னுபவர், யானைத் தந்தத்தில் செதுக்குபவர், கோயில் சுவரில் சித்திரம் எழுதுபவர் எல்லாரையும் கண்டார். அவர்களுடைய பட்டறைகளில் உட்கார்ந்து கருவிகளையும் அளவுகளையும் குறித்துக்கொண்டார். மனைவி எதெல் படம் பிடித்தார். 1908இல் இங்கிலாந்தில், வில்லியம் மொரிஸ் பாவித்த அச்சியந்திரத்திலேயே, இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலைத் தானே அச்சிட்டு முடித்தார். ஒரு கனியத்தின் பளபளப்பையும் கடினத்தையும் பிளவையும் வரிசையாகக் குறிக்கும் கண்தான் ஒரு கொல்லனின் உலைக்களத்தையும் அப்படிக் குறித்தது. கலை மட்டும் படித்த ஒருவர் அந்தப் புத்தகத்தை வேறு மாதிரி எழுதியிருப்பார். அவ்வளவு பயன்பட்டிருக்காது என்பது என் எண்ணம்.

மேதைகளை உதாரணம் காட்டி வகுப்பை ஊக்கப்படுத்த முடியாது, அதுவும் உண்மை. சாதாரண மாணவன் விஷயத்தில் உளவியல் ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 1973இல் லெப்பர், கிறீன், நிஸ்பெற் மூவரும் நர்சரிப் பிள்ளைகளிடம் செய்த பரிசோதனை பலருக்குத் தெரியும். தாமாக விரும்பிப் படம் கீறிய பிள்ளைகளுக்குப் பரிசு தருவதாகச் சொல்லிக் கீற வைத்தார்கள். பிறகு பரிசு இல்லாத நேரத்தில் அந்தப் பிள்ளைகளுடைய ஆசை குறைந்துவிட்டது. புள்ளி என்பது எங்கள் பரிசு. 2009இல் ஹல்லிமனும் ஹராகிவிக்ஸும் அமெரிக்க உயர்பாடசாலை விஞ்ஞான வகுப்புகளில் ஒரு சின்ன வேலை செய்தார்கள். படித்த பாடம் தங்கள் வாழ்க்கையில் எங்கே வருகிறது என்று மாணவரையே சில தடவை எழுதச் சொன்னார்கள். தங்களால் முடியாது என்று நினைத்திருந்த மாணவரிடமே ஆர்வமும் புள்ளியும் கூடின. 2015இல் கானிங்கும் ஹராகிவிக்ஸும் அதன் மறுபக்கத்தைக் காட்டினார்கள்: இந்தப் பாடம் உனக்குப் பயன்படும் என்று ஆசிரியரே எடுத்துச் சொன்னால், தன்னம்பிக்கை குறைந்த மாணவருக்கு அது உதவவில்லை, ஊறு செய்தது.

இந்தக் கடைசிச் செய்தி எம் பல்கலைக்கழகங்களுக்குக் கசப்பானது. நாம் செய்வதெல்லாம் எடுத்துச் சொல்வதுதான். புதுமுக மாணவர் வாரத்தில் பீடாதிபதி சொல்கிறார், நிறுவன முகாமையாளர் வந்து 'சொஃப்ட் ஸ்கில்ஸ்' பற்றிச் சொல்கிறார். ஆங்கிலம் நன்றாகப் பேசத் தெரியாத, மொனராகலையிலிருந்தோ மஸ்கெலியாவிலிருந்தோ வந்த பிள்ளை அதைக் கேட்டு, தனக்கு இல்லாதவற்றின் பட்டியலில் இன்னொன்றைச் சேர்த்துக்கொள்கிறது.

சொல்லிப் பார்த்துச் சலித்தவர்கள் கட்டாயத்தைக் கையில் எடுக்கிறார்கள். இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினரானது. அதன்படி பட்டதாரிக்கு அறநெறி, தொடர்பாடல், சமூகப் பொறுப்பு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். அதைப் பாடத்திட்டத்தில் காட்டவும் வேண்டும். காட்டியாயிற்று. தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகம் 2022-23 முதல் பொறியியல் மாணவருக்குத் 'தமிழர் மரபு', 'தமிழரும் தொழில்நுட்பமும்' என்று இரண்டு பாடங்களை வைத்திருக்கிறது, தலைக்கு ஒரு கிரெடிட். கல்லணையையும் இரும்பு உருக்கையும் பொறியியல் மாணவனுக்குச் சொல்வது நல்ல யோசனை. ஒரு கிரெடிட் பாடமாக வந்தால், ஒரு கிரெடிட் மரியாதைதான் கிடைக்கும். எங்கள் நாட்டில் 2007க்குப் பின் அரச சேவைக்கு வருகிறவர்கள் மற்ற ஆட்சிமொழியில் தேர்ச்சி காட்ட வேண்டும் என்ற விதி வந்தது. சான்றிதழ்கள் பெருகின. கண்டியில் ஒரு அரச அலுவலகத்துக்குத் தமிழில் மட்டும் கடிதம் எழுதிப் பதில் எதிர்பார்த்திருப்பவரைக் கேட்டால் மீதியைச் சொல்வார்.

கட்டாயம் வீண் என்று நான் சொல்ல வரவில்லை. கட்டாயம் ஆளை வகுப்புக்குள் கொண்டுவரும். அதற்குப் பின் அங்கே என்ன நடக்கிறது என்பதே கேள்வி. கொலம்பியா பல்கலைக்கழகம் 1919இல் எல்லா மாணவருக்கும் பொதுவான பாடத்தைக் கட்டாயமாக்கி இன்றுவரை நடத்துகிறது. சிறு குழுவாக மேசையைச் சுற்றி இருந்து வாதம் செய்கிற வகுப்பு அது. இங்கே நூற்றுக்கணக்கானோரை ஒரு மண்டபத்தில் அடைத்து, ஸ்லைடு ஓட்டி, பல்தேர்வு வினாத்தாள் கொடுத்து முடிக்கிறோம். கற்பிக்க வருகிறவர் அனேகமாகத் துறையின் ஆகக் கனிஷ்ட ஆள், சில வேளை தற்காலிக நியமனம். வேறு பீடத்துப் பிள்ளைகளுக்கு அடிப்படை சொல்லிக்கொடுப்பதைச் சிரேஷ்ட பேராசிரியர் தம் தகுதிக்குக் குறைவாக நினைப்பார். பதவி உயர்வுக்கு எண்ணப்படுவது ஆய்வுக் கட்டுரை என்பதால், அவருடைய ஜி.பி.ஏ.க்கும் அது எடுபடாது.

நடக்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி பதுளை மாவட்டம் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்மேடு சரிந்து லயன்கள் புதைந்தன. அந்தச் சரிவு ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. மண் ஏன் வழுக்கியது என்பதைப் பேராதனைப் பொறியியல் மாணவன் சொல்லுவான். இந்தப் பீடத்தின் பீடாதிபதியாக இருந்த அழகையா துரைராஜா, 1963இல் ரோஸ்கோ, ஸ்கோபீல்ட் இருவரோடு சேர்ந்து களிமண்ணின் நெகிழ்வைப் பற்றி எழுதிய கட்டுரை உலகெங்கும் மண் பொறிமுறையில் படிக்கப்படுகிறது. எச்சரிக்கை வந்த பின்னும் சனம் ஏன் அங்கேயே இருந்தது என்பதற்கு அந்தச் சமன்பாட்டில் விடை இல்லை. லயன் அறை தொழிலாளிக்குச் சொந்தமில்லை; வேறு காணியும் இல்லை; 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள். போகச் சொன்னால் எங்கே போவது? வேலைத்தளத்திலிருந்து எத்தனை மைல்? அறிவித்தல் எந்த மொழியில் போனது?

இதை விரிவுரையாகச் சொன்னால் குறிப்பெடுத்துவிட்டு மறந்துவிடுவார்கள். ஹந்தானையிலோ கலஹாப் பக்கத்திலோ ஒரு சரிவைக் காட்டி, இரண்டு பொறியியல் மாணவர், ஒரு வரலாற்று மாணவி, ஒரு தமிழ் மாணவன், ஒரு மருத்துவ மாணவி என்று குழு போட்டு, அங்குள்ள குடும்பங்கள் இடம்பெயரக்கூடிய ஒரு திட்டம் எழுதச் சொல்லலாம். எழுதியதைப் பிரதேச செயலக அலுவலர் ஒருவரும் தோட்டத்து ஆள் ஒருவரும் கேட்கட்டும். சரிவின் கோணத்தை அளக்கத் தெரிந்தவனுக்கு வீட்டுக்காரியோடு பேசத் தெரியாது என்பது முதல் மாலையே வெளிப்பட்டுவிடும். பேசத் தெரிந்தவளுக்கு மழைமானிப் பதிவை வாசிக்கத் தெரியாது. இருவருக்கும் அப்போது மற்றவருடைய பாடம் தேவைப்படும். தேவை வந்த பிறகு பயனை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மொழி முடிச்சும் அங்கே கொஞ்சம் தளரும்: குழுவுக்குள் மூன்று மொழியும் கலந்து ஓடும், ஓடத்தான் வேண்டும்.

மருத்துவ வாட்டுகளில் இப்படியான தேவை தினமும் எழுகிறது. தோட்டத்திலிருந்து வந்த அம்மா தன் நோவைப் பற்றி ஐந்து நிமிடம் சொல்கிறாள்: எப்போது தொடங்கியது, கொழுந்துக் கூடை தூக்கும்போது எப்படி, இரவில் எப்படி, மகன் கொழும்பிலிருந்து அனுப்பிய காசில் எந்த டிஸ்பென்சரியில் என்ன குளிசை வாங்கினாள். பக்கத்துக் கட்டில்காரரோ சிற்றூழியரோ அதைச் சிங்களத்தில் மாணவனுக்குச் சொல்லும்போது மூன்று சொற்களாகிவிடுகிறது. அந்த மூன்று சொற்களை வைத்துச் சிரேஷ்ட வைத்தியர் முன்னால் நோய் வரலாறு சொல்லித் திணறிய சிங்கள மாணவன், அடுத்த நாள் தமிழ் நண்பனைப் பிடித்துக் கேள்விகளைச் சிங்கள எழுத்தில் எழுதி வாங்கிக்கொண்டு போவான். இரண்டாம் மொழி வகுப்பில் தூங்கியவனும் அவனே. வகுப்பை முதலாம் வருட மண்டபத்திலிருந்து எடுத்து வாட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் என்ன என்று கேட்கத் தோன்றுகிறது.

மாணவர் தரப்பில் ஒரு நியாயமான எதிர்வாதம் இருக்கிறது, அதை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. பெருந்தொற்று, 2022 பொருளாதார நெருக்கடி, 2024இல் கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தம் என்று நான்கு வருடப் பட்டம் ஐந்து, ஆறு என்று நீண்டிருக்கிறது. மஹாபொலப் புலமைப்பரிசில் காசை எண்ணிச் செலவு செய்து, வீட்டில் தங்கை படிக்கக் காத்திருக்க, எப்போது 'பாஸ் அவுட்' என்று ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் அம்மா கேட்க, அந்தப் பிள்ளையிடம் போய் இன்னொரு பாடத்தைச் சுமத்த எனக்கு மனம் வராது. பரந்த கல்வி வசதியுள்ளவனுக்கு எளிது. ஜெனிங்ஸ் காலத்து மாணவனுக்கு அந்த அவசரம் இருக்கவில்லை.

ஆகவே சுமத்துவதானால் இறக்கவும் வேண்டும். இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி சிறப்புப் பட்டத்துக்கு 120 கிரெடிட்டுக்குக் குறையக் கூடாது. ஒரு கிரெடிட் என்பது மாணவனின் 50 மணித்தியால உழைப்பு. மேலே சொன்ன சரிவுத் திட்டம் போன்ற ஒரு வேலைக்கு மூன்று கிரெடிட்டாவது வேண்டும், அதாவது 150 மணித்தியாலம். அதைப் பிரதான பாடத்திலிருந்துதான் வெட்டி எடுக்க முடியும். ஒவ்வொரு துறைக்கும் தன் பாடங்கள் ஒவ்வொன்றும் தவிர்க்க முடியாதவை. வெட்டினால் தரம் விழுந்துவிடும், வெளிநாட்டு அங்கீகாரம் போய்விடும், சிரேஷ்ட ஒருவருடைய விரிவுரை மணித்தியாலம் குறைந்துவிடும். நேர அட்டவணையும் பரீட்சை விதியும் பீடத்துக்குப் பீடம் வேறு. பாலம் கடந்து போய்ப் படித்த பாடத்தை எந்தப் பீடம் கணக்கில் எழுதுவது என்பதும் தீராத வழக்கு. இந்த யோசனை என்றாவது பீடச் சபை நிகழ்ச்சி நிரலில் ஏறினால், முதலில் எழுந்து எதிர்ப்புச் சொல்லப்போவது மாணவர் பிரதிநிதியாக இருக்காது.